அருட்சகோதரி கேத்தி கொலை வழக்கும் இரு முன்னாள் மாணவிகளின் தேடலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பால்டிமோர் நகரில் 1969-ஆம் ஆண்டு கன்னியர் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றவர் யார் என்பது இன்றுவரை நிறுவப்படவில்லை. அவரிடம் பாடம் படித்த இரண்டு பெண்கள், பணி ஓய்வு பெற்ற பிறகு, அந்த வழக்கைத் தாமாகவே மீண்டும் கையில் எடுத்தார்கள். அந்தத் தேடலைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. சிறுமியர் மீதான பாலியல் வன்முறையைப் பற்றிய குறிப்புகள் சில விடைகளில் இடம்பெறுகின்றன.

கொல்லப்பட்டவர் யார்?

கேத்தரின் ஆன் செஸ்னிக். 1942 நவம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பை முதல் மாணவியாக முடித்த கையோடு நோத்ரு தாம் பள்ளிச் சகோதரிகள் சபையில் சேர்ந்து, பால்டிமோரின் ஆர்ச்பிஷப் கீயோ பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலமும் நாடகமும் கற்பித்தார். மாணவிகளுக்கு அவர் 'சிஸ்டர் கேத்தி'. வயதில் தங்களைவிட ஏறத்தாழப் பத்தாண்டே மூத்தவரான அந்த ஆசிரியையிடம் மனம்விட்டுப் பேச முடிந்தது என்று அவர்களில் பலர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். 1969-இல் சபையின் இசைவுடன் மடத்தை விட்டு வெளியே வந்து, மற்றொரு சகோதரியுடன் அடுக்குமாடிக் குடியிருப்பில் தங்கி, அரசுப் பள்ளி ஒன்றில் பணியாற்றத் தொடங்கியிருந்தார். இறக்கும்போது அவருக்கு வயது 26.

அவர் காணாமல் போன இரவில் நடந்தது என்ன?

1969 நவம்பர் 7, வெள்ளிக்கிழமை. மாலை ஏழரை மணியளவில் கேத்தி தம் காரை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். சம்பளக் காசோலையை மாற்ற வேண்டும், நிச்சயதார்த்தம் ஆகியிருந்த தங்கைக்குப் பரிசு வாங்க வேண்டும்; அன்றைய வேலை அவ்வளவுதான். காசோலை மாற்றப்பட்டது. கடைத்தெருவில் ரொட்டியும் வாங்கியிருக்கிறார், ஏனென்றால் ரொட்டிப் பெட்டி பின்னர் காரில் கிடைத்தது. ஆனால் அவர் வீடு திரும்பவில்லை.

உடன் தங்கியிருந்த சகோதரி பதறிப்போய், நண்பர்களான இரண்டு துறவியரைத் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் வந்து, காவல் துறைக்கும் தகவல் சொன்னார்கள். விடிவதற்கு முன், நாலரை மணியைத் தாண்டிய வேளையில், குடியிருப்புக்கு எதிர்ப்புறமே அந்தக் கார் கோணலாக நிறுத்தப்பட்டிருப்பதை அவர்கள் கண்டார்கள். அதில் சேறு படிந்திருந்தது. உள்ளே சுள்ளியும் இலைதழைகளும் ஒட்டியிருந்தன. கடைக்குப் போய்த் திரும்பிய காரில் காட்டுச் சுள்ளி எப்படி வந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை விடையில்லை. யாரோ அந்தக் காரை வேறெங்கோ ஓட்டிச் சென்று, அதன் உரிமையாளர் எங்கே வசிக்கிறார் என்று தெரிந்தே திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார் என்பதுதான் இதைப் பார்த்த பலருடைய கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

1970 ஜனவரி 3 அன்று, லான்ஸ்டவுன் பகுதியில் குப்பை கொட்டும் ஒதுக்குப்புறத்தில், வேட்டைக்குச் சென்றவர்கள் உடலைக் கண்டெடுத்தார்கள். கனமான பொருளால் தாக்கப்பட்டு மண்டை உடைந்ததே மரணத்துக்குக் காரணம் என்று பிரேதப் பரிசோதனை கூறியது.

காவல் துறையால் அப்போதே ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

ஒரு காரணம் வெளிப்படையானது. கேத்தி காணாமல் போனது பால்டிமோர் நகர எல்லைக்குள். உடல் கிடைத்தது பால்டிமோர் கவுன்டி எல்லைக்குள். பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் தனித்தனி நிர்வாகங்கள், தனித்தனிக் காவல் துறைகள். முதல் இரண்டு மாதங்கள் விசாரித்தவர்களிடமிருந்து வழக்கு மற்றவர்களின் கைக்கு மாறியது. அந்தக் காலத்தில் டி.என்.ஏ. சோதனை கிடையாது. உடலும் கடுங்குளிர் மாதங்களில் வெட்டவெளியில் கிடந்திருந்தது.

இன்னொரு காரணத்தைத் தேடல்காரர்கள் வலியுறுத்துகிறார்கள். விசாரணை தேவாலய வட்டாரத்தை நெருங்கியபோதெல்லாம் தயக்கம் குறுக்கிட்டது என்பது அது. கத்தோலிக்கர்கள் நிறைந்த நகரில், காவலர்களில் பலரும் அதே பங்குகளை (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் மக்கள் வட்டங்களை) சேர்ந்தவர்களாக இருந்த காலத்தில், ஓர் அருட்தந்தையைச் சந்தேக நபராக உட்கார வைத்துக் கேள்வி கேட்பது எளிதாக இருந்திருக்காது. இதை ஆவணத்தைக் கொண்டு மெய்ப்பிப்பது கடினம். ஆனால் ஓய்வுபெற்ற அதிகாரிகள் சிலரே இதைச் சொல்லியிருப்பதால் புறந்தள்ளவும் முடியாது.

ஜோசப் மாஸ்கல் என்பவரின் பெயர் இதில் எப்படி வந்தது?

அருட்தந்தை ஏ. ஜோசப் மாஸ்கல், 1967 முதல் 1975 வரை கீயோ பள்ளியின் ஆன்ம வழிகாட்டியாகவும் மாணவிகளுக்கு ஆலோசகராகவும் இருந்தவர். காவல் துறைக்கும் குருவாகப் பணியாற்றினார். பள்ளியில் தம் அறைக்கு அழைத்துப் பல மாணவிகளைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கினார் என்று பின்னாளில் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக முன்வந்து சொன்னார்கள். அதற்கு முன் அவர் பணியாற்றிய பங்கில், தம் தாய் 1967-லேயே உயர்மறைமாவட்டத்திடம் (பேராயரின் கீழ் இயங்கும் வட்டாரக் கத்தோலிக்கத் திருச்சபை நிர்வாகத்திடம்) புகார் செய்ததாக ஒருவர் கூறியிருக்கிறார். அப்படியானால் அந்தப் புகாருக்குப் பிறகே அவர் நூற்றுக்கணக்கான சிறுமிகள் படிக்கும் பள்ளிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். இந்த வழக்கில் என்னை மிகவும் கொதிக்க வைப்பது இந்த ஒரு செய்திதான்.

முதலில் முறையிட்டவர் ஜீன் ஹார்கடன் வேனர். 1969 கோடை விடுமுறைக்கு முன் சிஸ்டர் கேத்தி தம்மைத் தனியே அழைத்து, அருட்தந்தையர் உன்னைத் துன்புறுத்துகிறார்களா என்று மெல்லக் கேட்டதாகவும், தாம் பார்த்துக்கொள்வதாக ஆறுதல் சொன்னதாகவும் அவர் கூறினார். அந்த நவம்பரில் கேத்தி மறைந்தார். சில நாட்களில் மாஸ்கல் தம்மைக் காரில் அழைத்துச் சென்று கேத்தியின் உடலைக் காட்டி, பிறரைப் பற்றித் தவறாகப் பேசினால் என்ன ஆகும் என்று பார்த்துக்கொள் என மிரட்டியதாகவும் அவர் சொல்கிறார்.

மாஸ்கல் எல்லாக் குற்றச்சாட்டுகளையும் மறுத்தார். அவர்மீது குற்றப்பத்திரிகை எதுவும் தாக்கல் செய்யப்படவில்லை. 1994-இல் அயர்லாந்துக்குச் சென்றுவிட்டார், 2001-இல் இறந்தார்.

உடலில் புழுக்கள் இருந்தனவா என்ற விவாதம் ஏன் இத்தனை முக்கியமாகிறது?

வேனரின் நினைவு நம்பத்தக்கதா என்பதை உரசிப் பார்க்கக் கிடைத்த ஒரே பௌதிகச் சான்று அதுதான். கேத்தியின் முகத்தில் புழுக்கள் நெளிந்ததாகவும், தாம் மண்டியிட்டு அவற்றைக் கைகளால் துடைக்க முயன்றதாகவும் அவர் சொன்னார். நவம்பர் மாதக் குளிரில் புழு வைக்காது, ஆகவே இது கற்பனை என்று விசாரணையாளர்கள் சிலர் தள்ளிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் வெர்னர் ஸ்பிட்ஸ் பல்லாண்டுகளுக்குப் பிறகு தம் குறிப்புகளைப் பார்த்துவிட்டு, உடலில் புழுக்கள் இருந்ததை உறுதிப்படுத்தினார்.

இதனால் மாஸ்கல் கொலையாளி என்று ஆகிவிடாது. அவருக்கு உடல் கிடந்த இடம் தெரிந்திருந்தது என்பதுகூட முழுமையாக நிறுவப்படவில்லை. ஆனால் ஒரு பெண்ணின் சொல்லை மறுப்பதற்குக் காட்டப்பட்ட முதன்மையான காரணம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது. இருபது ஆண்டுகள் அவரைப் பொய்யராகவும் மனம் பிறழ்ந்தவராகவும் பேசியவர்கள், அலமாரியில் கிடந்த ஓர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்திருந்தாலே போதும்.

1994-இல் தொடுக்கப்பட்ட வழக்கு என்ன ஆனது?

வேனரும், அதே பள்ளியில் படித்த டெரெசா லங்காஸ்டரும், பெயரை மறைத்துக்கொண்டு மாஸ்கல்மீதும் உயர்மறைமாவட்டத்தின்மீதும் உரிமையியல் வழக்குத் தொடுத்தார்கள். அடக்கி வைக்கப்பட்ட நினைவுகள் பின்னாளில் மேலெழுந்தன என்பதால் வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு அந்த நாளிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை; 1995-இல் வழக்கு தள்ளுபடியானது. 1996-இல் மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. துன்புறுத்தல் நடந்ததா இல்லையா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் நுழையவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதே 1994-இல், மாஸ்கல் கல்லறைத் தோட்டம் ஒன்றில் முன்பு புதைக்கச் செய்திருந்த ஆவணப் பெட்டிகளைக் காவல் துறை தோண்டி எடுத்தது. கொலை வழக்கை நகர்த்தும் எதுவும் அவற்றிலிருந்து வெளிவரவில்லை.

தேடலைத் தொடங்கிய இரு பெண்கள் யார்?

ஜெம்மா ஹாஸ்கின்ஸ் ஓய்வுபெற்ற ஆசிரியர். ஒரு காலத்தில் மேரிலாந்து மாநிலத்தின் சிறந்த ஆசிரியராகத் தேர்வு செய்யப்பட்டவர். அபி ஷாப் ஓய்வுபெற்ற செவிலியர். இருவரும் கீயோவில் கேத்தியின் மாணவிகள். காவல் பணியிலோ சட்டத் துறையிலோ இருவருக்கும் பயிற்சி கிடையாது. தங்கள் ஆசிரியைக்கு என்ன நேர்ந்தது என்று யாருமே சொல்லவில்லை, கேட்பவரும் இல்லை என்ற ஆதங்கமே அவர்களை இதில் இறக்கியது. அவர்களுக்கு முன்பே பத்திரிகையாளர் டாம் நியூஜென்ட் இதைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதியிருந்தார். அதில் வந்த செய்திகள் அவர்களுக்குத் தொடக்கப் புள்ளியாக அமைந்தன. 2017 மே மாதத்தில் ரயன் வைட் இயக்கிய ஏழு பகுதி ஆவணத் தொடர் நெட்ஃப்ளிக்ஸில் வெளியான பிறகு உலகம் முழுவதும் இவர்களை அறிந்தது.

பயிற்சி இல்லாதவர்கள் உண்மையில் என்ன செய்ய முடியும்? இவர்கள் எப்படி வேலை செய்தார்கள்?

இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தேடலின் வலிமை அதில்தான் இருக்கிறது. ஹாஸ்கின்ஸ் மனிதர்களிடம் போனார். தயக்கமின்றிப் பேசும் இயல்புடையவர். தொலைபேசியை எடுத்து, முன்பின் தெரியாத ஒருவரிடமும், நான் கீயோ பள்ளி மாணவி, சிஸ்டர் கேத்தியைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும் என்று தொடங்கிவிடுவார். ஷாப் காகிதங்களிடம் போனார். பழைய செய்தித்தாள்கள், பள்ளி ஆண்டு மலர்கள், முகவரி ஏடுகள், இறப்புப் பதிவுகள் ஆகியவற்றில் நூலகத்திலும் ஆவணக் காப்பகத்திலும் மணிக்கணக்கில் உட்கார்ந்து, யார் எந்த ஆண்டில் எங்கே வசித்தார், எங்கே பணியாற்றினார், யாருக்கு யார் உறவு என்று சிறுகச் சிறுகத் தொகுத்தார். தகவல் அறியும் சட்டத்தின் கீழ் எஃப்.பி.ஐ.க்கும் மனுக்கள் போயின.

ஒருவர் சொன்னதை மற்றொருவர் காகிதத்தோடு ஒத்துப் பார்ப்பதே அவர்களின் முறை. நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சியைச் சொல்பவர் நேர்மையாகவே தவறு செய்யக்கூடும்: மாதம் மாறும், கார் நிறம் மாறும், பிறர் சொல்லிக் கேட்டது தானே கண்டதாக நினைவில் உறைந்திருக்கும். அதேபோலக் காகிதமும் எழுதியவர் விரும்பியதை மட்டுமே சொல்லும். இரண்டும் பொருந்தும் இடத்தில்தான் காலூன்ற முடியும்.

காவலர் ஒருவரிடம் வாயைத் திறக்கத் தயங்கிய பெண்கள், தங்களோடு ஒரே சீருடை அணிந்து ஒரே நடைகூடத்தில் நடந்தவர்களிடம் பேசினார்கள். எவ்வளவு திறமையான துப்பறிவாளருக்கும் அந்த நம்பிக்கை எளிதில் வாய்த்திருக்காது.

அப்படியானால் மாஸ்கல்தான் கொலையாளி என்று முடிவு செய்துவிடலாமா?

முடியாது. 2017 பிப்ரவரியில் பால்டிமோர் கவுன்டி காவல் துறை அவருடைய உடலைத் தோண்டியெடுத்து டி.என்.ஏ. மாதிரி எடுத்தது. 1970-இல் சம்பவ இடத்தில் சேகரித்த தடயத்திலிருந்து கிடைத்த டி.என்.ஏ.வுடன் அது பொருந்தவில்லை என்று அந்த மே மாதத்தில் அறிவிக்கப்பட்டது. அந்தத் தடயத்தை விட்டவர் மாஸ்கல் அல்லர் என்பது இதன் பொருள். அந்தத் தடயம் கொலையாளியுடையதுதான் என்ற உறுதி இல்லாததாலும், கொலையில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் ஈடுபட்டிருக்க வாய்ப்பு இருப்பதாலும், அவருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்று அந்தச் சோதனையை வைத்துத் தீர்த்துச் சொல்ல இயலாது.

மாணவிகளுக்கு அவர் இழைத்ததாகப் பலர் தனித்தனியாகச் சொன்ன கொடுமையும், கேத்தியின் கொலையும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். முதலாவதற்கு மலைபோல வாக்குமூலங்கள் குவிந்திருக்கின்றன. இரண்டாவதற்கு ஒரு நோக்கமும் ஒரு சாட்சியின் நினைவும் இருக்கின்றன. முதலாவதன் கனத்தை இரண்டாவதன்மேல் ஏற்றிவிடக் கூடாது.

வேறு சந்தேக நபர்கள் உண்டா?

உண்டு. இரண்டு ஆண்களைப் பற்றி அவர்களின் குடும்பத்தினரே தேடல்காரர்களிடம் பேசினார்கள். அவர்களில் ஒருவர் அந்தக் காலத்தில் தம் மனைவிக்குக் கொடுத்த கழுத்துச் சங்கிலி, கேத்தி தங்கைக்காக வாங்கிய பரிசாக இருக்கலாமோ என்ற ஐயம் எழுந்தது. எவ்வளவு முயன்றும் அதை உறுதிசெய்ய இயலவில்லை. இவர்கள்மீது குற்றம் சாட்டப்படாததால் பெயர்களை இங்கே தவிர்த்திருக்கிறோம்.

ஜாய்ஸ் மலெக்கியின் கொலைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறதா?

கேத்தி மறைந்த நான்காம் நாள், 1969 நவம்பர் 11 அன்று, இருபது வயதான ஜாய்ஸ் மலெக்கி காணாமல் போனார். இரண்டு நாள் கழித்து ஃபோர்ட் மீட் ராணுவ நிலப்பகுதியில் உடல் கிடைத்தது. ராணுவ நிலம் என்பதால் அந்த வழக்கு எஃப்.பி.ஐ.யிடம் இருக்கிறது. மலெக்கி குடும்பம் லான்ஸ்டவுன் பகுதியைச் சேர்ந்தது. மாஸ்கல் முன்பு பணியாற்றிய பங்கும் அங்கேதான். இந்த ஒற்றுமைகளால்தான் இரு பெயர்களும் சேர்த்தே பேசப்படுகின்றன. இரண்டையும் செய்தவர் ஒருவரே என்பதற்குச் சான்று வெளியாகவில்லை. 2023-இல் மலெக்கியின் உடல் மறுபரிசோதனைக்காகத் தோண்டியெடுக்கப்பட்டது.

மரபுவழி டி.என்.ஏ. ஆய்வு இந்த வழக்கைத் தீர்க்குமா?

தீர்க்கக்கூடிய வழி ஒன்று இருக்குமானால் அதுதான். தடயத்தில் உள்ள டி.என்.ஏ.வை, தங்கள் வம்சாவளியை அறியப் பொதுமக்கள் தாமாக முன்வந்து பதிவேற்றிய தரவுகளோடு ஒப்பிட்டு, தூரத்து உறவினர்களைக் கண்டறிந்து, குடும்ப மரத்தை வரைந்து, அதிலிருந்து ஒருவரை நெருங்குவது இம்முறை. கலிஃபோர்னியாவில் பல கொலைகளைச் செய்த முன்னாள் காவலர் ஒருவர் 2018-இல் பிடிபட்டது இப்படித்தான். பால்டிமோருக்கு அருகிலேயே, 1970-இல் கொல்லப்பட்ட பமேலா கானியர்ஸ் என்ற பதினாறு வயதுப் பெண்ணின் வழக்கில், இறந்துபோன ஒருவரே கொலையாளி என்று 2023-இல் இம்முறையால் அறிவிக்கப்பட்டது. ஆனால் இதற்குச் சிதையாத டி.என்.ஏ. போதிய அளவு மிஞ்சியிருக்க வேண்டும்.

கொலையாளியைக் கண்டுபிடிக்காத தேடலால் என்ன பயன் விளைந்தது?

இந்தக் கேள்வியில் ஒரு குறைகூறல் ஒளிந்திருப்பதை உணர்கிறேன். ஆகவே விளைந்தவற்றையே வரிசையாகச் சொல்கிறேன். 1990-களில் தனித்தனியே ஒடுங்கிப்போன பெண்கள் ஒருவரையொருவர் அறிந்தார்கள். வேனரும் லங்காஸ்டரும் சொந்தப் பெயரிலேயே பேசத் தொடங்கினார்கள். லங்காஸ்டர் வழக்கறிஞராகி, காலவரம்பை நீக்கக் கோரி மாநிலச் சட்டமன்றத்தின் முன் பலமுறை சாட்சியம் அளித்தார். மேரிலாந்து தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகம் உயர்மறைமாவட்டத்தின் ஆவணங்களை ஆராய்ந்து 2023 ஏப்ரலில் அறிக்கை வெளியிட்டது. ஏறத்தாழ எண்பது ஆண்டுக் காலத்தில் 156 பேர் 600-க்கும் மேற்பட்ட சிறாரைத் துன்புறுத்தியதாக அது பட்டியலிட்டது. மாஸ்கலும் அதில் இருக்கிறார். அதே மாதத்தில், இத்தகைய உரிமையியல் வழக்குகளுக்கான காலவரம்பை அடியோடு நீக்கும் சட்டம் கையெழுத்தானது. அது நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்பு, செப்டம்பர் 29 அன்று, உயர்மறைமாவட்டம் திவால் பாதுகாப்புக் கோரி விண்ணப்பித்தது. 2025 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இவை அனைத்தும் இரண்டு பெண்களால் மட்டுமே நடந்தவை என்று சொன்னால் மிகையாகும். பாதிக்கப்பட்டவர்களின் பல்லாண்டுப் போராட்டமே முதன்மையானது. ஆனால் 1996-இல் மூடிய கதவின் முன்னே மீண்டும் கூட்டம் சேர்ந்ததற்கு இவர்களின் தேடலும் காரணம் என்பதை எவரும் மறுக்க முடியாது.

இத்தகைய தனியார் தேடலில் ஆபத்து இல்லையா?

நிச்சயம் இருக்கிறது. 2013-இல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்குப் பிறகு, இணையத்தில் படங்களை ஒப்பிட்ட ஆர்வலர்கள், காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குற்றவாளி என்று பரப்பினார்கள். அவருக்கும் அந்தச் செயலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர் முன்பே இறந்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. மகனைத் தேடிக்கொண்டிருந்த அந்தக் குடும்பத்தின்மீது விழுந்த வசவுகளை யாரால் திரும்ப எடுக்க முடியும்?

எனவே பழைய வழக்கில் இறங்க விரும்புவோர், ஐயத்தைப் பொதுவெளியில் பெயருடன் எழுதாமல் விசாரணை அதிகாரியிடம் எழுத்தில் கொடுப்பதும், கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரிடம் முதலில் இசைவு கேட்பதும், சாட்சியிடம் விடையைத் தாமே எடுத்துக்கொடுக்காமல் கேட்பதும் இன்றியமையாதவை.

கேரளத்தின் அபயா வழக்கோடு இதை ஒப்பிடலாமா?

தமிழ் வாசகர்களுக்கு அந்த நினைவு எழுவது இயல்பே. 1992 மார்ச்சில் கோட்டயத்தில் கன்னியர் மடக் கிணற்றில் அருட்சகோதரி அபயா இறந்துகிடந்தார். தற்கொலை என்று மூடப்பட்ட அந்த வழக்கை, பொது ஆர்வலரான ஜோமோன் புத்தன்புரைக்கல் விடாமல் துரத்தினார். 2020 டிசம்பரில் ஓர் அருட்தந்தைக்கும் ஒரு கன்னியருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. முக்கியச் சாட்சி, அந்த இரவில் இடிதாங்கியின் செம்பைத் திருட வந்தவர். 2022-இல் உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்து இருவருக்கும் பிணை அளித்தது. அங்கே சிபிஐ விசாரணையும் குற்றவியல் தீர்ப்பும் கிடைத்தன. பால்டிமோரில் ஒருவரைக்கூட நீதிமன்றத்தில் நிறுத்த முடியவில்லை.

வழக்கு இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

முடிக்கப்படவில்லை. மேரிலாந்தில் கொலைக்குக் காலவரம்பு கிடையாது. வழக்குக் கட்டு பால்டிமோர் கவுன்டி காவல் துறையிடம் இருக்கிறது. கீயோ பள்ளி வேறொரு பள்ளியுடன் இணைக்கப்பட்டு, பின்னர் 2017-இல் மூடப்பட்டுவிட்டது. 1969-இல் அங்கே படித்தவர்கள் இப்போது எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். அன்று விசாரித்தவர்களிலும் சந்தேகிக்கப்பட்டவர்களிலும் பலர் இறந்துவிட்டார்கள். நேரில் கண்ட எவரேனும் இன்னும் உயிரோடு இருந்தால், சொல்வதற்கு அவர்களுக்கு எஞ்சியிருக்கும் காலம் குறைவு.